எதிர் ஜன்னலுக்கு நான் எடுத்த ஸ்கிரீன்

நேற்று என் மகள், ஆதம்பாக்கத்தில் வாங்கியிருக்கும் புது வீட்டு ஜன்னல்களுக்காக ஒரு கட்டு மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "உனக்குத்தான் இதுலெல்லாம் டேஸ்ட் இருக்கேம்மா, நீயே சொல்லு" என்றாள். புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் அந்த வாசனைக்காகவே பாண்டி பஜார் கடைகளில் ஏறி இறங்கினவள் நான், உனக்கே தெரியும். "ஏதோ ஒண்ணு போடு, என்னைக் கேக்காதே" என்று கட்டைத் தள்ளிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அவளுக்கு உன்னை நினைவில்லை. நீ இருந்தபோது அவள் எல்.கே.ஜி.

நீ போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. உன் படுக்கையறை ஜன்னலில் கனத்த ஸ்கிரீன் போட வைத்தவள் நான். ஏன் போட வைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் அது தெரிந்திருக்கும் என்றுதான் பயப்படுகிறேன்.

மயிலாப்பூரில் நம் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் சந்து. இரண்டாம் மாடியில் என் சமையலறை ஜன்னலும் உன் படுக்கையறை ஜன்னலும் நேருக்கு நேர். என் தளம் மட்டும் ஒரு முழம் மேடு. நீ கல்யாணமாகி வந்த புதிதில், எல்லார் வீட்டையும் போல, ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஸ்பிரிங் கம்பியில் ஒரு பூப்போட்ட துணி கோத்திருந்தது. மேல்பாதி காற்றுக்காகத் திறந்தே இருக்கும். நீ எக்கி நின்று துணிக்கு மேலே தலையை நீட்டுவாய். "அக்கா, இன்னிக்கு என்ன குழம்பு?" நான் வாயைத் திறப்பதற்குள், "சொல்லவே வேணாம், வத்தக்குழம்பு" என்று நீயே சொல்லிவிடுவாய். கறிவேப்பிலை, தீப்பெட்டி, வாரப்பத்திரிகை எல்லாவற்றையும் துணி உலர்த்தும் கொம்பின் நுனியில் கட்டி நீட்டிக்கொண்டோம். மாடி இறங்கி ஏறச் சோம்பல் நம் இரண்டு பேருக்கும்.

ஸ்கிரீன் என்றால் நம் பக்கத்தில் என்னைத்தான் கேட்பார்கள். ஹாலில் கம்பியை மறைக்கப் பெல்மெட் பலகை வைக்கலாமா, பித்தளை வளையம் எடுபடுமா, மூங்கில் தட்டி போதுமா, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்வேன். ஊரே போடுவதைப் போட்டால் அது உன் வீடு என்று எப்படித் தெரியும் என்று உனக்குக்கூடப் பாடம் எடுத்திருக்கிறேன். "ஏன்க்கா, கதவுல நம்பர் இருக்கே?" என்றாய் நீ. பொல்லாத வாய் உனக்கு.

அந்த மார்கழியில் ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். உன் அறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பூப்போட்ட துணிக்கு மேலே உன் முகமும் உன் வீட்டுக்காரர் கையும் தெரிந்தன. அந்தக் கை உன் தலைமயிரைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஓங்கி இறங்கியது. நீ கத்தவில்லை. நேராக என் ஜன்னலைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பு அணைகிறவரை என்று வைத்துக்கொள். அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அடுப்பைத் துடைத்தேன்.

மறுநாள் நீ தலையை நீட்டி, "அக்கா, நேத்து..." என்று ஆரம்பித்தாய். "இரு, குக்கர் வெச்சிருக்கேன்" என்று நகர்ந்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "சிஸ்டர், உங்க டேஸ்ட் பிரமாதம்னு இவ சொல்லிக்கிட்டே இருப்பா. எங்க பெட்ரூமுக்குக் கனமா, முழுசா மறைக்கற மாதிரி ஒரு ஸ்கிரீன் பாத்துக் குடுங்க. எதிர்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியுது" என்றார். சொல்லிக்கொண்டே என் சமையலறைப் பக்கம் பார்த்தார். என் கை வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டது. வாய், "அதுக்கென்ன சார், நாளைக்கே போறோம்" என்றது. டேஸ்ட் என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இனிமேல் பார்க்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது, அதுதான் நிஜம்.

லஸ்ஸில் பஸ் பிடித்துப் பாண்டி பஜார் போனோம். பஸ் நெரிசலின் புழுக்கத்திலும் நீ முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாய். மூன்று கடை ஏறினோம். மூன்றிலும் நீ ஒரே மாதிரித் துணியிடம்தான் போய் நின்றாய். கொசுவலை போல மெல்லிசாக, வெள்ளையில் வெள்ளைப் பூ நெய்த துணி. அதன் பின்னால் உள்ளங்கையை வைத்து, ரேகை தெரிகிறதா என்று பார்த்தாய்.

"இது போதும்க்கா. வெளிச்சம் வரும்."

"வெளிச்சம் மட்டுமா? விளக்கைப் போட்டா உள்ள நடக்கறதெல்லாம் வெளியில தெரியும்டி."

"தெரியட்டுமே" என்றாய். கையை எடுக்கவில்லை. "உங்களுக்குத்தானேக்கா தெரியும்."

நான் சிரித்தேன். பாவி, சிரித்தேன். "நல்லாருக்கு போ! தெரியக்கூடாதுன்னுதானே ஸ்கிரீனே போடறோம்?" என்று சொல்லிவிட்டு, பாக்கு நிறத்தில் கோடு நெய்த கனத்த துணி ஒன்றை விரிக்கச் சொன்னேன். கடை வாசலில் மெஷின் போட்டிருந்த தையல்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். "சோக்கா கீதும்மா. பின்னால லைனிங் குட்த்தா வெயிலும் வராது, சத்தமும் வெளிய போவாது" என்றார். "சத்தம் கூடவா?" என்று நீ கேட்டாய். அவர் பெருமையாகத் தலையை ஆட்டினார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் அழகாக இருக்க வேண்டுமே என்று, சந்தன நிறத்தில் லைனிங்கையும் நானே பொறுக்கினேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டினார்கள். மடிப்பு மடிப்பாக, ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புவரை மறைத்துத் தொங்கியது. என் அடுப்படியில் நின்று பார்த்தேன். நல்ல வேலைதான். அதன் பிறகு உன் தலை தெரியவில்லை. சித்திரையில் கரண்ட் போன மத்தியானங்களில் தெருவே ஜன்னலைத் திறந்துபோட்டு விசிறிக்கொண்டிருந்தபோதும் உன் ஜன்னலில் துணி விலகவில்லை. உன் வீட்டு டி.வி. மட்டும் முன்னைவிடச் சத்தமாக வைக்கப்பட்டது. எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு எனக்கு நிறைய வேலை இருந்தது.

ஒருநாள் கீழே காய்கறி வண்டியருகே உன்னைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாய். "அக்கா, அந்த ஸ்கிரீனைக் கழட்டிட்டுப் பழைய துணியே போட்டுக்கவா? நீங்க சொன்னா அவர் கேப்பார்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கோபம்! "அவ்வளவு அலைஞ்சு எடுத்ததை யாராவது கழட்டுவாங்களா? பைத்தியமா உனக்கு?" என்றேன். "இல்லக்கா, சும்மா கேட்டேன்" என்று கத்தரிக்காய் பொறுக்க ஆரம்பித்தாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆனி மாதம் ஒரு காலையில், நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாய் என்றார்கள். சந்து முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் என் சமையலறைவரை வந்து எட்டிப் பார்த்தார். "எதிர்லயே கீறீங்க. எதுனா பாத்தீங்களாம்மா? சண்டை கிண்டை?"

"இல்ல சார். அவங்க எப்பவும் ஸ்கிரீன் போட்டிருப்பாங்க. ஒண்ணும் தெரியாது."

எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மார்கழியைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காரியம் முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டார். அவரை யாரும் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

அவர் காலி செய்வதற்கு முந்தின நாள், ஊரிலிருந்து வந்திருந்த உன் அம்மா என் வீட்டுப் படியேறி வந்தார். நேராகச் சமையலறைக்குள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதுதானா அந்த ஜன்னல்?" என்றார். "லெட்டர்ல எழுதுவாம்மா. எதிர் ஜன்னல்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க என்னைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, நீ பயப்படாதேன்னு எழுதுவா. அந்த தைரியத்துலதான் நான் அவளை வந்து கூட்டிட்டுப் போகல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லும்மா. எம்பொண்ணு நல்லாத்தானே இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தாம்மா" என்றேன்.

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தக் கடிதங்களை நீ ஸ்கிரீன் மாட்டுவதற்கு முன்னால் எழுதினாயா, மாட்டின பிறகும் எழுதினாயா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இத்தனை வருஷமும் நான் சுமந்துகொண்டு திரிவது கேட்காத அந்தக் கேள்வியைத்தான். உன்னை எனக்குத் தெரியும். மாட்டின பிறகும் எழுதியிருப்பாய்.