தெரியுது என்று சொன்னேன்

நான் மொட்டை மாடியில் நின்று உங்களோடு பேசுகிறேன் என்று கீழ்வீட்டுப் பெண் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். "பாவம், அம்மாவுக்கு மைண்ட் சரியில்ல. பட்டப்பகல்ல ஹெல்மெட்டு மாட்டிக்கினு செத்துப்போன வூட்டுக்கார ஐயாகிட்ட பேசிக்கினு இருக்காங்க" என்று பால்காரரிடம் அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். அது தவறு. நான் எண்களைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

கண் அறுவை முடிந்த மாதம், அலமாரியிலிருந்து அந்த விமானித் தலைக்கவசத்தை எடுத்தேன். உட்புறப் பஞ்சில் இன்னும் உங்கள் தைல வாசனை. விமானக் கருவிகளைச் சோதிக்கும் வேலையிலிருந்து நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு சிறு கம்பெனி உங்கள் கருத்துக் கேட்டு அனுப்பிய மாதிரிக் கவசம் அது. முகக்கண்ணாடியில் உயரமும் வேகமும் பச்சை எண்களாக மிதக்கும். அதன் வழியே வானமும் தெரியும். எண்களுக்கு ஒளி தரும் சில்லு விரல்நகம் அளவுதான். "கெளம்புற வெளிச்சம் பாதி வழியிலேயே தொலைஞ்சுபோகுது. மிச்சம்தான் வெயிலோட சண்ட போடணும்" என்பீர்கள்.

பழைய சில்லு ஒன்று, எடை குறைந்த புதியது ஒன்று; இரண்டும் வெயிலில் தெரிகின்றனவா என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். திருப்பதி மே மாத நண்பகலில், சுண்ணாம்படித்த தண்ணீர்த்தொட்டிச் சுவரை மேகமாக வைத்து, அதற்கெதிரே என்னை நிறுத்தினீர்கள்.

"ஏன், உங்க கண்ணு போதாதா?"

"என்ன வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். மனசு படிச்சிடும். உன் கண்ணுதான் சாட்சி."

பழையதைப் படித்தேன். புதியதற்கு மாற்றினீர்கள்.

"கான்வென்ட் மேடம், தெரியுதா?"

"தெரியுது."

"எங்க, படிங்க பாக்கலாம்."

ஒரு எண் பிசகாமல் சொன்னேன். எதிரே வெறும் வெள்ளைதான் இருந்தது. நீங்கள் பணிக்காலம் முழுக்கச் சோதனைக்கு வைத்த எண்களின் பட்டியல்தான் அது; எத்தனை முறை நான் டைப் செய்திருப்பேன்! டைப் செய்தது நான் என்பதை நீங்கள் மறந்திருந்தீர்கள். நான் மறக்கவில்லை. கண்ணில் புரை விழுந்திருப்பதை உங்களிடம்கூடச் சொல்லாமல் இருந்த காலம். சித்தூர் கான்வென்டில் கரும்பலகை மங்கியபோதும் கை தூக்காதவள் நான்.

பொய் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே வாதாடினேன். எண்கள் எனக்குத் தெரிந்துதான் இருந்தன. நீங்கள் கேட்டது கண்ணுக்குத் தெரிகிறதா என்று. இரண்டுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன்.

இப்போது மலையின் மடிப்பெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பழைய சில்லின் எண்கள் சுவர்மேல் பளிச்சென்று நிற்கின்றன. புதியதற்கு மாற்றினால் அதே வெள்ளை. ஏழு நாள் பார்த்துவிட்டேன். குறை என் கண்ணில் மட்டும் இருக்கவில்லை.

இதை எழுதிக் கம்பெனிக்கு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. போன் செய்தால், "சார் ரிப்போர்ட் எப்பவோ வந்துச்சும்மா. அதுல இன்னா இருக்குன்னு வெளிய சொல்லக்கூடாது. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்கிறான் ஒருவன். எந்த வீட்டுப் பிள்ளையோ வெள்ளை மேகத்தின் முன்னால் தன் உயரத்தைத் தேடும்போது நான் எப்படி ரெஸ்ட் எடுப்பது?

அறிக்கையின் நகல் வீட்டில் இல்லை. உங்கள் நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கிறது. அதில் நான் படித்த இரண்டாவது வரிசைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டிருக்கிறீர்கள். ஏற்றுக்கொண்டதற்கும் அப்படித்தான் வட்டம் போடுவீர்கள். நம்பாமல் ஒதுக்கியதற்கும் வட்டம்தான். வித்தியாசம் என்னவென்று ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடுமே.

இப்போது கேட்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை. நான் பார்க்காமல் படித்ததை நீங்கள் கண்டுகொண்டீர்களா? அந்த வட்டத்தை எதற்காகப் போட்டீர்கள்? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.