வெற்று எடைச்சீட்டில் நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 38,
தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம்
(தொழில்: அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநர்),
கதவு எண் 14/2, முதல் மாடி, நீர்த்தேக்கச் சாலை.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வள அலுவலகம் (நீர்த்தேக்கப் பிரிவு).

பொருள்: தூண்டில் மேடை எண் 7-இல் 05.07.2026 அன்று நடந்த விபத்து – என் கையெழுத்துக்கு மேல் உள்ள வாசகம் என்னுடையது அல்ல என்பது – ஓய்வுபெற்ற நடத்துநரின் மீன்பிடி உரிமத்தை ரத்து செய்ய வேண்டாம் எனக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக விசாரணை அறிவிப்பு, எனக்குக் கிடைத்த நாள் 11.07.2026, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை எழுந்ததும், பல் துலக்கும் முன்பே, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் கையெழுத்தைப் பதினொரு முறை போட்டுப் பார்த்தேன். அறிவிப்போடு தாங்கள் இணைத்திருந்த எடைச்சீட்டின் நகலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான். அதை மறுக்க இம்மனுவை எழுதவில்லை. அதற்கு மேலே இருக்கும் நான்கு வரிகள் என்னுடையவை அல்ல என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் என் உடன்பிறந்த தம்பி. சங்கத்தின் செயலாளரும் அவரே. நாள் முழுவதும் அடுத்தவர் எழுதியதைப் படிப்பது என் வேலை. எதையும் படிக்காமல் உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். “வாக்கா, தண்ணியில தூண்டில் மிதப்பைப் பாத்துக்கிட்டு உக்காரு. அதுல ஒரு எழுத்தும் கிடையாது” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

2. ஆண்டுத் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கி மேடைகளை ஒதுக்குவார்கள். இவ்வாண்டு எனக்கு எட்டாம் மேடை. ஏழாம் மேடை ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநருக்கு. தூண்டில் வீசும்போதெல்லாம் “ரைட்” என்று சொல்லுவதால் சங்கத்தில் அவர் பெயரே ரைட்டுதான். என் நூல் ஒதுங்கி அவர் நூலோடு சிக்கிக்கொண்டால், “தங்கச்சி, உங்க ஸ்டாப்பிங் இன்னும் வரல, அதுக்குள்ள ஏன் இறங்குறீங்க?” என்பார். இதற்கு மேல் எங்களுக்குள் அதிகப் பேச்சு கிடையாது.

3. பிடித்த மீனை அளந்து, எடை பார்த்து, உடனே நீரில் விட்டுவிட வேண்டும் என்பது சங்க விதி. மீன் போய்விடுவதால், அடுத்த மேடைக்காரர் எடைச்சீட்டில் போடும் கையெழுத்து ஒன்றே சாட்சி. ஒவ்வொரு மீனுக்கும் தூண்டிலை விட்டுவிட்டு எழுந்து போக யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே காலையிலேயே கரையில் உள்ள சங்கக் கொட்டகையில் தேநீர் குடிக்கும்போது, ஒருவர் சீட்டில் மற்றவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, செயலாளர் மேசையில் வைத்துவிடுவோம். மதியம் வந்து அவரவர் மீன்கணக்கைச் சொல்ல, செயலாளர் நிரப்பிக்கொள்வார். இது விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூட மூன்று முறை படிக்காமல் நான் கையெழுத்திட்டு அனுப்புவதில்லை. கொட்டகையில் மட்டும் இரண்டு ஆண்டுகளாக வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வந்தேன். எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். இதைத் தவிரச் சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை.

4. சம்பவ நாளன்று காலையிலும் நடத்துநரின் வெற்றுச்சீட்டில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தேன். சுமார் ஏழு இருபதுக்கு அவருடைய மிதப்பு உள்ளே போனது. அவர் எழுந்து நின்று, இடது கையால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கழியைத் தூக்கினார். கம்பி மூலைத்தூணோடு சேர்ந்து வெளியே சாய்ந்தது. அவரும் அதனோடு போய்க் கரைக்கல்லில் விழுந்தார். நானும் ஆறாம் மேடை மின்பணியாளரும் இறங்கி அவரைத் தூக்கினோம். விழும் நொடிவரை அவர் இரு கால்களும் கம்பிக்கு உட்புறம், பலகையின் மேல்தான் இருந்தன. இதை நான் கண்ணால் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை மருத்துவமனையில் இருக்கிறார்.

5. சங்கம் தங்களிடம் தந்த அந்தச் சீட்டில் இருக்கும் வாசகம்: “மேடை 7-இல் இருந்தவர் தடுப்புக் கம்பியைத் தாண்டி வெளியே நின்று தூண்டில் வீசினார். இருமுறை எச்சரித்தேன். கேட்கவில்லை. தானாகவே தவறி விழுந்தார்.” மீனின் வகை, நீளம், எடை ஆகியவற்றை எழுத வேண்டிய நான்கு கோடுகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. நான் எச்சரிக்கவில்லை. எச்சரிக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

6. மூலைத்தூணில் திருகாணி இல்லை, பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள் என்பது சங்கத்தில் பலருக்கும் தெரியும். மே மாதம் நான் பிடித்த கெண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படத்தை இணைத்துள்ளேன். எனக்குப் பின்னால் அந்தக் கயிறு தெளிவாகத் தெரிகிறது. படம் எடுத்தவர் செயலாளர். நேற்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கயிறு இல்லை. புதுத் திருகாணி போட்டு, மேலே பழைய நிறத்திலேயே வண்ணம் அடித்திருக்கிறார்கள். தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

7. சீட்டின் நகலைப் பார்த்தவுடனே அந்த எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் முழங்கையை இடித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிய எழுத்து அது. சனிக்கிழமை மாலையே தம்பி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் அவர் மனைவி குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தது எனக்குத் தெரிந்தது. “யாரு எழுதினா என்னக்கா, கையெழுத்து உன்னதுதானே?” என்றார் தம்பி. மேடை பழுது என்று தெரிந்தால் சங்கத்தையே மூடிவிடுவார்கள், கரையில் முள் வெட்டி ஒவ்வொரு பலகையாகச் சுமந்தவர் தாம்தான் என்றார். அதுவும் பொய் இல்லை. “அவருக்கு எழுபது ஆகப்போகுது, இடுப்பு போச்சு. இனிமே அவரு எங்க வந்து உக்காரப் போறாரு? உரிமம் போனா அவருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார். நான் எழுந்தபோது, “படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு நீ போய்ச் சொன்னா, நாளைக்கு உன் அச்சகத்துல எவன் உன்னை நம்பி தாளைக் கொடுப்பான்?” என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அன்று இரவு தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறைக்காமல் சொல்கிறேன்.

8. நேற்று மாலை மருத்துவமனைக்குப் போனேன். நடத்துநரின் மருமகள் என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அறிவிப்பின் நகல் மாத்திரைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. நடத்துநர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். “முப்பத்தோரு வருஷம் ஓடுற பஸ்சுல நின்னவன் தங்கச்சி. பிடி இல்லாத இடத்துல நான் நிப்பேனா?” என்றார். பிறகு, “நீங்களா எழுதுனீங்க?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். “கையெழுத்து?” என்றார். நான் மாத்திரைப் பெட்டிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

9. உரிமம் ரத்தானால் நிரந்தரத் தடை என்றும், கரைக்குள் பார்வையாளராகக்கூட அனுமதி இல்லை என்றும் அறிவிப்பில் உள்ளது. அவர் மீண்டும் நடப்பாரா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. நடந்தால் அவர் முதலில் வரக்கூடிய இடம் அந்தக் கரைதான். சொன்ன சொல் கேளாமல் தானே போய் விழுந்தவர் என்ற பெயரோடு அவர் வாசலிலேயே திரும்பிப்போகக் கூடாது.

ஆகவே, மேற்படி சீட்டை என் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டாம் என்றும், இம்மனுவின் நான்காம் பத்தியையே என் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டும் என்றும், நடத்துநரின் உரிமத்தின் மீதான நடவடிக்கையைக் கைவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வண்ணம் முழுதாகக் காய்வதற்குள் தங்கள் அலுவலகப் பொறியாளர் ஏழாம் மேடையை நேரில் பார்ப்பது நல்லது. மற்ற மேடைகளின் தூண்களையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றுச்சீட்டில் கையெழுத்திட்டதற்காக என் உறுப்பினர் எண்ணையும் உரிமத்தையும் பறிப்பதானால் எனக்கு மறுப்பு இல்லை.

ஒன்று மீதம் உள்ளது. விசாரணை 16.07.2026 வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அறிவிப்பில் என்னைச் சங்கத் தரப்பின் முதல் சாட்சியாகக் குறித்திருக்கிறீர்கள். பத்து மணிக்குத் தம்பி வண்டியோடு என் வீட்டு வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்பது மணிப் பேருந்திலேயே கிளம்பிவிடுவதென்று முடிவு செய்துள்ளேன். இதை அவரிடம் சொல்லவில்லை. என் கணவரிடமும் இன்னும் சொல்லவில்லை. சாட்சிகளை அழைக்கும்போது என்னை நடத்துநர் தரப்பில் அழைக்கும்படி வேண்டுகிறேன். அந்த நான்கு வரிகளை எழுதியவர் யார் என்று தாங்கள் கேளுங்கள். என் தம்பி எதிரே உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்தே பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
உறுப்பினர் எண் 38

நாள்: 13.07.2026, திங்கட்கிழமை
இடம்: மேற்படி முகவரி

இணைப்பு: புகைப்படம் ஒன்று, என் கையெழுத்து மாதிரிகள் உள்ள காலண்டர் தாள் ஒன்று.