ரேஷன் கார்டில் கேசவன் பெயர்

மேற்குத் தாம்பரம்,
3.6.1988

மகனுக்கு,

கேசவனைச் சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பச் சொன்ன உன் கடிதம் கிடைத்தது. பதினெட்டு வயதானால் அங்கே பட்டாளத்தில் சேர வேண்டுமாம். ஒருவனுக்கு இரண்டு நாடு கிடையாது என்று குடியுரிமைச் சட்டத்தில் நானே படித்தேன். அப்படியென்றால் என் பேரனுக்கு நாடு இதுதான்.

நம் ரேஷன் கார்டில் அவன் பெயர் இருப்பதைத் தாலுகா ஆபீசில் காட்டினேன். "பெரியவரே, இத்த வச்சிகினு சர்க்கரைதான் வாங்கலாம்" என்று குமாஸ்தா சிரித்தான். சட்டம் தெரியாதவன்.

கேசவனோ, "தாத்தா, அங்க என்கூடப் படிச்சவங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போறாங்க. நான் மட்டும் இங்க ஒளிஞ்சுக்கணுமா?" என்று கேட்டான். சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவனுக்கு டிக்கெட் எடுத்தேன்.

வியாழக்கிழமை விமானத்தில் வருகிறான். அவன் பெயரைக் கார்டிலிருந்து நீக்க மாட்டேன். திரும்பி வரும்வரை அவன் பங்குச் சர்க்கரையை நானே வரிசையில் நின்று வாங்குவேன்.

உன் அப்பா