அடுப்படிக் குஞ்சுகள்

அண்ணி,

நேற்று நானும் ஸ்டெல்லாவும் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறியபோது, எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஒரே கீச்கீச். மரத்தூளும் எச்சமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்கள் வீட்டு அடுப்படி குழம்பு வாசனையில் நினைவுக்கு வரும். உங்களுடையது மட்டும் இப்படி.

தொண்ணூற்று மூன்றில் கெடாரில் அண்ணன் கறிக்கோழி ஷெட் போட்டார். போட்டதோடு சரி, பார்த்துக்கொண்டதெல்லாம் நீங்கள்தான். ஒவ்வொரு முறை புதுக் குஞ்சு வந்து இறங்கும்போதும் சோர்ந்து நிற்பதைப் பொறுக்கியெடுத்து, பெட்டியில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட்டு வளர்ப்பீர்கள். "கட்டின புருஷனுக்கு இந்தக் கவனிப்பு இல்ல" என்று அண்ணன் அலுத்துக்கொண்டால், "நீங்களும் பொட்டியில போய்க் குந்திக்கங்க, ஊட்டி வுடறேன்" என்பீர்கள்.

நோய் வந்தாலும் வராவிட்டாலும் குடிதண்ணீரில் ஆன்டிபயாட்டிக் பொடி கலப்பது அப்போது அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் வழக்கம். உங்கள் பெட்டிக் குஞ்சுகளுக்கு ஒரு சிட்டிகை கூடுதல். "நோவு வந்தப்புறம் அழுதுகினு நிக்கறதுக்கு, முன்னாடியே குடுத்துட்டா பேஜாரு இல்ல பாரு." பிரியத்தில் செய்ததுதான் எல்லாமே.

அடுத்த வருஷ ஈஸ்டருக்கு நாங்கள் வந்தபோது ஸ்டெல்லாவுக்கு இரண்டு வயது. பெட்டியை விட்டு நகரவேயில்லை. குஞ்சைத் தூக்கி முத்தம் கொடுத்தாள், அதே கையால் முறுக்கு தின்றாள். நாம் இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஓரிரு நாளில் காய்ச்சல், பேதி, பேதியில் ரத்தம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏற ஏறக் காய்ச்சலும் ஏறியது. தலை நிற்காமல் என் தோளில் துவண்டு கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

டாக்டர், வீட்டில் கோழி உண்டா என்று கேட்டார். சொன்னேன். "கோழிக்கு என்ன மருந்து குடுக்கிறீங்க?" என்று அவர் கேட்டதும் நீங்கள் எழுந்து கெடார் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். திரும்பி வந்து, பாதி காலியான பாக்கெட்டை அவர் மேசைமேல் வைத்தீர்கள். வேறு யாராக இருந்தாலும் அதை அடுப்பில் போட்டிருப்பார்கள், அண்ணி.

"நாம ஏத்தற மருந்துக்கு இது தம்பி மாதிரி" என்றார் அவர். "இதைக் குடிச்சுக் குடிச்சுப் பழகின கிருமின்னா, அண்ணனுக்கு மட்டும் பயப்படுமா? குஞ்சுகிட்டருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே அடுப்படியில வைக்காதீங்க." அன்றைக்கே ஊசியை மாற்றினார். பிறகு வந்த பரிசோதனை முடிவும், முதலில் கொடுத்த மருந்துக்கு அந்த சால்மொனெல்லா கிருமி அடங்காது என்றே சொன்னது.

எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. "திட்டிடுடி. வாயை மூடிக்கினு இருக்காத" என்று கெஞ்சினீர்கள். காய்ச்சல் இறங்கி ஸ்டெல்லா கண் திறந்து, "அத்தே, கீச்சு எங்க?" என்று கேட்டபோதுதான் நான் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு பெட்டி அடுப்படியை விட்டுப் போனது. ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு வந்தது. கால்நடை டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டுமே மருந்து. "கோழியெல்லாம் செத்துடப் போவுது" என்று மருந்துக்கடைக்காரர் பயமுறுத்தினாராம். "செத்தா பொதைச்சிட்டு வேற வாங்கிக்குவேன். கொழந்தைய எங்க போய் வாங்கறது?" என்று கேட்டுவிட்டு வந்தீர்கள். ஸ்டெல்லா கல்லூரிக்குப் போன பிறகும், அவள் வாசலில் வந்து நின்றால், "இரு இரு, கை கழுவிக்கினு வர்றேன்" என்று பின்பக்கம் ஓடுவீர்கள். முழங்கைவரை சோப்பு போடாமல் அவளைத் தொட்டதே இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, அவள் ஓடிவந்ததும் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். "கழுவலடி. எழுந்துக்க முடியல." அவள் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து, உங்கள் விரல் ஒவ்வொன்றுக்கும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தாள். பிறகுதான் அவள் கன்னத்தைத் தடவினீர்கள்.

நேற்று பஸ்ஸில் அவள் சும்மா இருக்கவில்லை. பெட்டி ஓட்டைக்குள் விரலை விட்டு ஒரு குஞ்சைத் தடவினாள். அதன்பின் அந்தக் கையை எதன்மேலும் படாமல் தனியாக வைத்துக்கொண்டாள். வறுத்த மல்லாட்டை வாங்கிக் கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே ஊட்டி வுடும்மா. அத்தை இருந்தா என்ன கத்து கத்தும்!"

விழுப்புரம் வரைக்கும் ஊட்டிக்கொண்டே வந்தேன், அண்ணி.