நான்கு முறை ‘டெமாம்’ என்று எழுதிய பதிவேடு

அனுப்புநர்:
தவமணி த/பெ அம்பிகைபாகன்,
தமிழ்ப்பள்ளிக் கிராணி (எழுத்தர்),
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பெறுநர்:
சிறுவர் நலப் பிரிவு அதிகாரி அவர்கள்,
சமூகநல இலாகா,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: மூன்றாம் ஆண்டு மாணவி தெய்வானைக்கு (வயது 9) வீட்டில் சூடு வைக்கப்படுவதைப் பள்ளி அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது, பிள்ளையை உடனே மீட்கக் கோருவது.

மரியாதைக்குரிய ஐயா,

1. இதை நான் மலாய் மொழியில்தான் எழுதியிருக்க வேண்டும். பதினான்கு வருடமாக அலுவலகக் கடிதங்களை அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் இந்தப் புகார் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டுத் துணிந்தேன். துணிந்தேன் என்பது பேச்சுக்குத்தான். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்து, இன்றுதான் முடிக்கிறேன்.

2. தெய்வானைக்குத் தாய் இல்லை. தந்தை கப்பலில் வேலை செய்கிறார், வருடத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. பிள்ளை டத்தோ கிராமாட்டில் தன் சிற்றப்பா திரு. முருகப்பன் வீட்டில் வளர்கிறாள். அவர் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவில் இருப்பவர்.

3. பள்ளிக்கு வராத பிள்ளை, திரும்பி வரும்போது வீட்டிலிருந்து காரணச் சீட்டு கொண்டுவர வேண்டும். சீட்டு இல்லாத பிள்ளைகளை அலுவலகத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே காரணத்தை எழுதச் சொல்லுவோம். அதை நான் மலாயில் மாற்றிப் பதிவேட்டில் ஏற்றுவேன். தெய்வானை ஒருமுறையும் வீட்டுச் சீட்டு கொண்டுவந்ததில்லை. இவ்வருடம் ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களிலும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் எழுதித் தந்தது ஒரே சொல்: “சூடு.”

4. நான்கு முறையும் நான் ‘டெமாம்’ என்று எழுதினேன். காய்ச்சல் என்று பொருள். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் வீட்டில் காய்ச்சலைக் காய்ச்சல் என்றுதான் சொல்லுவோம். வேலைக்கு வந்த புதிதில் “பிள்ளைக்குச் சூடு” என்று ஒரு பெற்றோர் எழுதியிருந்ததைப் பார்த்து, பிள்ளைக்கு யாரோ சூடு வைத்துவிட்டார்கள் என்று பதறிப்போய் ஓடினேன். இங்கே உடம்பு சுடுவதைத்தான் அப்படிச் சொல்லுவார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அன்று கற்றுக்கொண்ட பாடத்தை இன்றுவரை மறக்கவில்லை. மறந்திருந்தால், எங்கள் வீட்டுத் தமிழிலேயே அந்தச் சீட்டை வாசித்திருந்தால், ஜனவரியிலேயே எனக்கு விளங்கியிருக்கும். குனிந்து பிள்ளையின் காலை ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை ஐயா.

5. இம்மாதம் 5-ஆம் தேதி விளையாட்டுப் பயிற்சியில், அவளுடைய கெண்டைக்காலில் கரண்டிக் காம்பு அகலத்தில் தழும்புகள் இருப்பதை ஆசிரியை செல்வி கமலாம்பிகை கண்டார். ஒன்று இன்னும் ஆறவில்லை. உடனே அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். தலைமையாசிரியர் என்னிடம் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். நான்கு இடத்திலும் ‘டெமாம்’ இருப்பதைச் சுட்டிக்காட்டி, நோயாளிப் பிள்ளை, ஏதோ நாட்டு வைத்தியம் செய்திருப்பார்கள் என்று முடித்துவிட்டார். என் கையெழுத்தே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. அப்போது என் மேசையருகே நின்ற பிள்ளை என்னைப் பார்த்து, மெதுவாக, “அக்கா, நான் நாலு தடவையும் எழுதிக் குடுத்தேனே” என்றாள்.

6. சீட்டுகளை எடுத்து வைத்து, இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் தலைமையாசிரியரிடம் மன்றாடினோம். சிறுவர் பாதுகாப்புச் சட்டம் டாக்டர்களைத்தான் கட்டாயப்படுத்துகிறது, பள்ளியை அல்ல, பள்ளியின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று அவர் கூறினார். சட்டம் எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை நான்கு முறை எழுத்து மூலம் தெரிவித்ததை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்ட பள்ளிக்குப் பொறுப்பு இல்லையா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

7. இதைவிடக் கொடுமை, அன்று மதியமே திரு. முருகப்பனை வரவழைத்து, பிள்ளை சொன்னதையும் அவரிடம் சொல்லி, பிள்ளையை அவருடனேயே அனுப்பிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அதன்பின் தெய்வானை பள்ளிக்கு வரவில்லை. இன்றோடு ஏழு நாள்.

8. நேற்று அவர் அலுவலகத்துக்கு வந்து பள்ளி மாற்றுக் கடிதம் கேட்டார். பாகான் டாலாமில் உறவினர் வீட்டில் விடப்போகிறாராம். எந்த வீடு, எந்தப் பள்ளி என்று கேட்டேன்; விண்ணப்பப் பாரத்தில் அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டுக் கொடுத்தார். போகும்போது சிரித்த முகத்தோடு, வேலை முடிந்து வீட்டுக்குப் போக நான் ஆயர் ஈத்தாமில் எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறேன் என்று விசாரித்தார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. என்னைவிட அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் பயம்.

9. அந்த மாற்றுக் கடிதத்தை வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரின் கையொப்பத்துக்கு வைக்கும்படி எனக்கு உத்தரவு. டைப்ரைட்டர் ரிப்பன் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி மூன்று நாள் தள்ளியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. கையொப்பம் விழுந்தால் எங்கள் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் அடிபடும், வேறெந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதற்குப் பிறகு அவள் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவருக்கும் கடமை இராது.

10. பிள்ளை எழுதிய நான்கு சீட்டுகளையும், வீட்டு முகவரியையும் இத்துடன் இணைத்துள்ளேன். சீட்டுகள் அசல். நகல் எடுக்கும் இயந்திரம் தலைமையாசிரியர் அறையில் இருப்பதால் என்னிடம் பிரதி இல்லை. கோப்பிலிருந்து அனுமதியின்றி எடுத்தது குற்றமானால் ஏற்றுக்கொள்கிறேன். பதிவேட்டில் தவறாக எழுதியவள் நான் என்பதையும் பள்ளியின் தவறோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

11. தயவுசெய்து பள்ளிக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தலைமையாசிரியர் அறையிலும் அந்த அழைப்பைக் கேட்கலாம். முன்கூட்டிக் கடிதமும் வேண்டாம். இம்மனு கிடைத்ததற்கு எனக்குப் பதில் எழுதும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். கதவைத் திறப்பவர் பிள்ளைக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்று சொல்லுவார். நம்பிவிடாதீர்கள் ஐயா. நான் நான்கு முறை நம்பினேன்.

அச்சத்துடன் ஒப்பமிடும்,
(தவமணி த/பெ அம்பிகைபாகன்)

இடம்: பினாங்கு
தேதி: 12.7.1994