தட்டு முழுவதுக்கும் பில்

பதுளை,
14.3.1981

அன்பு மகன் ஷுக்ரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், உம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னாலேயே அறிவித்துக்கொண்டிருக்கிறது. நீயும் கொழும்பில் மாமா வீட்டில் வேளைக்குத் தின்று, வேளைக்குத் தொழுது, சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஹோட்டல் நிர்வாகப் படிப்புக்கு உன்னைத் தெரிவு செய்துவிட்டார்கள், மாத முடிவுக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஹோட்டல் நடத்துகிறவனிடம், ஹோட்டல் நடத்தப் படிக்கக் காசு கேட்கிறாயே, எழுதும்போது உனக்கே சிரிப்பு வரவில்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. நம் கடைக்கு வந்து நில், ஃபீஸ் இல்லாமல் மூன்று வேளைச் சாப்பாட்டோடு நானே படிப்பிக்கிறேன் என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். உம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "என்ன மனுஷன் நீங்க, மொதல்ல கணக்கப் பாத்துட்டுக் கோபப்படுங்களே" என்றாள்.

பார்த்தேன். மூன்று வருஷ ஃபீஸ், வெள்ளை உடுப்பு, கறுப்புச் சப்பாத்து, கத்தி செட், பஸ் செலவு எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்தைத் தொடுகிறது. புகை மண்டும் கடைக் குசினியை இடித்துக் கட்ட நான் சேர்த்து வைத்திருப்பதும் அவ்வளவுதான். அதென்னடா கத்தி செட்? நம் குசினியில் சமைக்கும் கோக்கி மஹ்ரூப் ஒரே கத்தியால் இறைச்சியும் வெட்டுகிறான், வெங்காயமும் வெட்டுகிறான், தின்ற யாரும் இதுவரை மௌத்தாகவில்லை. செலவு இது, வரவு என்ன என்று தெரிய வேண்டாமா? அதற்காகப் போன ஞாயிறு உம்மாவையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் பெரிய ஹோட்டலுக்கே போய்விட்டேன். தேத்தண்ணி கொண்டு வந்தவன் யார் என்கிறாய்? ஹல்துமுல்லைத் தோட்டத்து ரெங்கசாமி. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நம் கடையில் ரொட்டி தின்கிறவன், அங்கே வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றான். தின்ன என்ன வேண்டும் என்று கேட்டான், ஒரு தட்டு வை என்றேன். வைத்தான். கேக், இறைச்சி அடைத்த பெட்டிஸ், பிறகு வெறும் வெள்ளரிக்காயை வைத்த பாண் துண்டு. இறைச்சி எங்கே அறுத்ததோ என்று பெட்டிஸில் நாங்கள் கை வைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கேக் தின்றோம், எழும்பினோம். நம் கடையில் எப்படி? தட்டை வைப்போம், தின்றது போக மிச்சத்தை எண்ணிக் காசு வாங்குவோம். அங்கே தட்டு முழுவதுக்கும் பில் வந்தது மகன்! மிச்சத்தை எண்ணிப் பார் தம்பி என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், இரண்டு வெள்ளைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கசாமி குனிந்து, "முதலாளி, இங்க வச்சா வச்சதுதாங்க, தின்னாலும் தின்னாட்டியும் பில்லுங்க" என்று காதுக்குள் சொன்னான். போதாததற்கு சேவிஸ் சார்ஜ் என்று அதற்கு மேலே நூற்றுக்குப் பத்து வீதம். உம்மா மிச்சக் கேக்கை எல்லாம் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு ராணி மாதிரி வெளியே நடந்தாள்.

அந்தச் சேவிஸ் சார்ஜை நானும் மறுநாள் நம் கடையில் போட்டுப் பார்த்தேன். தெமோதரை பஸ் டிரைவர் சின்னராசா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க முதலாளி, நாளைக்கு நீங்க பஸ்ல ஏறுனா நானும் டிக்கெட்டுக்கு மேல போடுறேங்க" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அன்றோடு விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று ஹோட்டலை விட்டு எழும்பும்போது ரெங்கசாமியிடம் விசாரித்ததில், சம்பளத்தை விட அந்தச் சார்ஜில் வரும் பங்குதான் அவனுக்குப் பெரிதாம். படித்துவிட்டு மேலே உட்கார்ந்திருக்கும் மனேஜருக்கு இவனைப் போல ஐந்து மடங்காம், வெளிநாடு போனால் இன்னும் கூடவாம். போட்ட காசு இரண்டு வருஷத்தில் வந்துவிடும். உன் கணக்குத்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். வாசல் வரை வந்தவன் இன்னொன்றும் சொன்னான். அவனுடைய அப்பா ஒரு நாள் பார்க்க வந்தாராம், உள்ளே கூப்பிட முடியாமல் பின்கதவில் நிறுத்தியே தேத்தண்ணி கொடுத்தானாம். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை மகன்.

பதுளை வந்து சேரும்வரை எனக்கு அதுதான் யோசனை. நீ அந்தப் படிப்பைப் படித்தால் இந்தக் கடைக்குத் திரும்பி வரமாட்டாய். இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். எனக்குப் பிறகு கல்லாவில் நீதான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், இனி சொல்லமாட்டேன். உன் கடிதத்தில் வரிக்கு வரி 'வாப்பா கோபிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாய். இப்படிப் பயந்து பயந்து கேட்கிற பிள்ளையைக் கல்லாவில் கட்டிப்போட்டு நான் என்ன வியாபாரம் செய்யப்போகிறேன்? புதன்கிழமை பக்கத்துக் கடை ஜௌபர் நானா சாமான் எடுக்கக் கொழும்புக்கு வருகிறார், முதல் தவணையை அவரிடம் தந்து அனுப்புகிறேன். குசினி இன்னும் கொஞ்ச காலம் புகையட்டும்.

அந்தக் கத்திகளை வாங்கியதும் எண்ணெய் பூசி வை, கொழும்பு உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும். மாமிக்குத் தொந்தரவு கொடுக்காதே. சுபஹ் தொழுகையைத் தூக்கத்துக்கு விற்றுவிடாதே. அல்லாஹ் உன் அறிவிலும் உழைத்துத் தின்னும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. உம்மாவும் தலையைத் தடவி முத்தம் சொல்லச் சொன்னாள்.

ஒரு விஷயத்தைச் சேர்ந்த அன்றைக்கே அங்குள்ள மாஸ்டர்மாரிடம் கேட்டு எழுது. மனேஜர் ஒருவன், தன் வாப்பாவும் உம்மாவும் முன் வாசலால் வந்தால், அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தின்னலாமா? கூடாது என்று சொன்னால், காசு கட்டிய பிறகென்றாலும் பரவாயில்லை, அடுத்த ரயிலில் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வாப்பா,
ம. ஜுனைதீன்