அண்ணாச்சி காரின் சைலன்சர்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. மாடியில் காயப் போட்ட வேட்டி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள். அவர்கள் பேச்சு வேறு.

பத்து மணிக்கு சரோஜா அக்கா போன். சிவகாசி பட்டாசு அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி இறந்து வருஷம் ஒன்று ஆகப் போகிறது. அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார்களாம். இரண்டு வருஷத்துக்கு முன் நான் அதைச் சோதித்துக் கொடுத்த ரிப்போர்ட்டைப் படித்த, வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரர், முன் பம்பரைக் கழற்றி எடுத்த போட்டோ எங்கே என்று கேட்கிறாராம்.

எங்கே? எடுக்கவில்லை. பம்பரைக் கழற்றவே இல்லை.

பீரோவில் நகல் கிடைத்தது. "முன்பக்க சைலன்சர் கார் கம்பெனியில் பொருத்தியது அல்ல. உள்ளூர் வேலை." கீழே கையெழுத்து, அதற்கடியில் ரெண்டு கோடு. என்ன திமிர்!

எல்லாக் காருக்கும் புகை பின்னால் போகும். இதற்கு மட்டும் முன் பம்பருக்குக் கீழே, வாயில் கம்பி வலை வைத்த பெட்டி. பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏற்ற வரும் லாரிகளுக்கும் இதே மாதிரி வலைதான், பொறி வெளியே பறக்கக் கூடாதென்று. சின்ன வயதிலிருந்து பார்ப்பது. அதனால் பார்த்த உடனே உள்ளூர் வேலை என்று முடிவு. போதாததற்கு ஒரு புது வெல்டிங் தழும்பு. பத்தே நிமிஷம். மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு.

"தம்பி, அது கார் கம்பெனியிலேயே அப்படி வந்தது. எனக்கு வித்தவரு சொன்னாரு," என்றார் அண்ணாச்சி. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கு முழுக்க உறுத்துகிறது.

ஜூன் 11, புதன்

வெயில். முழங்கால் வலி. எடுத்துப் போனவை: டார்ச், காந்தம், குச்சிக் கண்ணாடி, தின்னர், பழைய பனியன் துணி. மறந்தது மூக்குக் கண்ணாடி. பாதி வழியில் திரும்பி வந்தேன்.

ஆனைக்குட்டம் போகிற வழியில் அண்ணாச்சி வீட்டுக் குடோன். தார்ப்பாய்க்குள் கார். அண்ணாச்சியின் கார் வேலையெல்லாம் பார்த்த மெக்கானிக் மாரியப்பன் வந்திருந்தார், என் வயசுதான். பம்பரைக் கழற்றினார். வெல்டிங் தழும்பைக் காட்டி, இது யார் வேலை என்றேன்.

"நான் வச்சதுண்ணே. பழைய வெல்டிங் விட்டுப்போச்சுன்னு அண்ணாச்சி கொண்டாந்தாக. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல."

கேட்கவில்லை.

சைலன்சரைப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றித் துடைத்தோம். அடியில் காரின் முதல் பெயின்ட், கரும்பச்சை. குழாய் நுழையும் ஓட்டையின் ஓரத்திலும் அதே பச்சை, ஓரம் அச்சில் அழுத்தி மடித்தது போல வழுவழுவென்று.

"இங்கன பாருங்க. நம்மூர்ல கேஸ் கட்டர் வச்சு அறுத்தா ஓரம் பல்லு பல்லாத்தான நிக்கும்? பெயின்ட் அடிக்கிறதுக்கு முந்தியே போட்ட ஓட்டைண்ணே இது."

அன்றைக்கே எடுத்திருக்க வேண்டிய போட்டோக்களை இப்போது எடுத்தேன்.

மாரியப்பன் இன்னொன்றும் சொன்னார். என் ரிப்போர்ட் வந்த பிறகு மச்சினமார் எல்லாம் அண்ணாச்சியைக் 'கப்சா'ன்னுதான் கூப்பிடுவார்களாம். அவரும் காரை எடுப்பதையே விட்டுவிட்டாராம். "வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. மனுசன்தான் சடைஞ்சு போனாரு."

சாயங்காலம் சேஸிஸ் நம்பரையும் போட்டோக்களையும் அந்தக் கார் கம்பெனியின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ஆளுக்கு மெயில் அனுப்பினேன். சீமையில் இருக்கிறார். எப்போது பார்ப்பாரோ.

ஜூன் 12, வியாழன்

பதில் இல்லை.

சூலக்கரை ஆபீசில் வருமானச் சான்றிதழ் வேலை. ஆள் டீக்குப் போயிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் வேப்ப மரத்தடியில். போனை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் போடுவதும். ஒருவேளை உள்ளூர் வேலையாகவே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு. சீ.

மத்தியானம் ஜெயந்தி கேட்டாள்: "சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீக, சாப்பிடலையா?" சொன்னேன், எல்லாத்தையும். பெண்டாட்டியிடம் தொழில் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. அவள் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 13, வெள்ளி

கரண்ட் இல்லை. பதில் வந்துவிட்டது.

பதிவேட்டுப் பக்கத்தையே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதே சேஸிஸ் நம்பர். சென்னையில் எண்ணெய்க் கிடங்கு வைத்திருந்த ஒரு கம்பெனி, தன் அதிகாரிக்காகத் தனி ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னது. புகைக்குழாய் முன்பக்கம், வாயில் வலை. அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நிஜம். எண்ணெய்க் கிடங்கிலும் பொறி ஆகாது என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. உலகத்தில் நெருப்புக்குப் பயந்தவன் சிவகாசிக்காரன் மட்டும்தானா?

கடிதம் எழுத உட்கார்ந்தேன். "கூடுதல் ஆதாரம் கிடைத்திருப்பதால் முந்தைய அறிக்கை திருத்தப்படுகிறது." நல்ல வரி. யார் மேலும் குற்றமில்லை. ஜெயந்தி பின்னால் நின்று படித்தாள்.

"ஆதாரம் கெடைச்சுச்சாக்கும்! காருக்கு அடியிலதான இருந்துச்சு? அந்தக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வாங்க."

கிழித்தேன்.

ஜூன் 14, சனி

காற்று இல்லை, புழுக்கம். எட்டரை பஸ். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார் சரோஜா அக்கா. காபி வந்தது. குடிக்கவில்லை. எழுதி ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அக்கா, அண்ணாச்சி சொன்னதுதான் சரி, நான்தான் ஒழுங்காப் பார்க்காம எழுதிட்டேன், மன்னிச்சிருங்க," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். போட்டோக்களையும் அந்தப் பக்கத்தையும் மேஜையில் வைத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூடச் சொன்னாக தம்பி. 'சரோஜா, அது கம்பெனியில வந்ததுதாம்மா'ன்னு. சரிங்க, சரிங்கன்னேன். மூச்சு வாங்குதே, பேசாம படுக்கட்டுமேன்னுதான். நம்பிச் சொல்லல."

படங்களை அடுக்கி மறுபடி மேஜையில் வைத்தார்.

"நான் நம்புறேன்னு நெனச்சுத்தான போயிருப்பாக?"

ஆமாக்கா, அப்படித்தான் நினைச்சிருப்பாரு என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? இதையும் பார்க்காமல்தான் சொன்னேன்.